பேரனுக்குச் சளிக்காய்ச்சல், பாட்டிக்குச் சர்க்கரை: முதல் இரண்டு நாளில் என்ன செய்வது?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் நான்கறை வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், தொடக்கநிலை 2 படிக்கும் 8 வயது மகன், 68 வயது மாமியார். ஜூன் விடுமுறைக்குச் சற்று முன் மகனுக்குச் சளிக்காய்ச்சல் வந்தது. மூன்றே நாளில் எனக்கும் கணவருக்கும் தொற்றியது. கடைசியாக மாமியாருக்கு வந்தது. ஆனால் மூன்று வாரம் படுத்தவர் அவர்தான். அவருக்கு நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உண்டு. கஞ்சி குடித்து ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று பார்த்துவிட்டு ஐந்தாம் நாள்தான் மருந்தகம் போனோம். மகன் பாட்டியோடுதான் தூங்குவான். அவர் உருட்டிக் கொடுத்தால்தான் சாப்பிடுவான். ஆண்டிறுதியில் இது மீண்டும் பரவும் என்கிறார்கள். மாமியாரோ, ‘போன வருடம் தடுப்பூசி போட்டும் காய்ச்சல் வந்ததே, இனி வேண்டாம்’ என்கிறார். அவரை எப்படிக் காப்பது? எங்களுக்கு வந்தால் எப்போது வேலைக்குத் திரும்பலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு வருத்தம் தந்தது அந்த ஐந்தாம் நாள். கஞ்சியிலும் ஓய்விலும் தவறில்லை. உங்களுக்கும் கணவருக்கும் அதுவே போதும். உங்கள் மாமியாருக்குப் போதாது. சளிக்காய்ச்சல் கிருமி உடலில் பெருகுவதைத் தடுக்க ஓசல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது. டாமிஃபுளூ என்று சொன்னால் பலருக்குத் தெரியும். அறிகுறி தெரிந்து 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் பலன் நன்றாகக் கிடைக்கும். நிலைமை மோசமானவர்களுக்குப் பிறகும் கொடுப்பதுண்டு. என்றாலும் ஐந்தாம் நாள் வருபவருக்கு என்னைப் போன்ற குடும்ப மருத்துவரால் செய்ய முடிவது மிகவும் குறைவு. 65 வயதைக் கடந்து நீரிழிவும் உள்ள ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரைப் பார்ப்பது என்று இப்போதே, எல்லோரும் நலமாக இருக்கும்போதே, வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

நாம் தாமதிப்பதற்கு இந்த நோயின் பெயரும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘சளிக்காய்ச்சல்’ என்றதும் சளியோடு கொஞ்சம் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்கிறோம். சாதாரணச் சளி மெல்ல வரும். தொண்டை கரகரக்கும், மூக்கு ஒழுகும், ஆள் நடமாடிக்கொண்டிருப்பார். இன்ஃபுளுவென்சா, சுருக்கமாக ஃபுளூ, என்ற இந்தச் சளிக்காய்ச்சல் அப்படி வருவதில்லை. காலையில் நன்றாக இருந்தவருக்கு மாலையில் குளிர் நடுக்கம், 39 டிகிரிக் காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல வலி, வறட்டு இருமல். வயதானவர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. அவர்களுக்குக் காய்ச்சல் அதிகம் ஏறாமலேயே இருக்கலாம். சாப்பாடு பிடிக்கவில்லை, எழுந்தால் தள்ளாடுகிறது, பேச்சில் தடுமாற்றம் என்று மட்டும் தெரியலாம். பேரனுக்குக் காய்ச்சல் இருக்கும் வாரத்தில் பாட்டி இப்படிச் சோர்ந்தால், வெப்பமானி 37.5 காட்டுகிறதே என்று காத்திருக்க வேண்டாம்.

கொரோனாவோடு ஃபுளூவையும் சேர்த்துச் சோதிக்கும் கருவிகள் மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன. ஒன்றிரண்டு வீட்டில் இருக்கட்டும். மகனுக்குச் சோதித்து ஃபுளூ என்று தெரிந்தால் அன்றே மாமியாரின் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். மாமியாருக்கு அறிகுறி வருவதற்கு முன்பே தடுப்பாக மருந்து கொடுக்கலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார். இந்த மருந்தின் அளவு சிறுநீரகத்தின் நிலையைப் பொறுத்தது. எனவே மாமியாரின் கடைசி இரத்தப் பரிசோதனை முடிவு கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் உதவும். ஃபுளூ இல்லை என்று கருவி காட்டினாலும் முழுதாக நம்ப வேண்டாம். இத்தகைய சோதனைகள் தவறவிடுவதுண்டு.

இனி, வீட்டுக்குள் பரவுவது. தும்மல், இருமல், பேச்சு ஆகியவற்றில் தெறிக்கும் நுண்துளிகள் வழியாகவே இது பெரும்பாலும் தொற்றுகிறது. கிருமி உள்ளே போய் நோயாகத் தெரிய 1 முதல் 4 நாள் ஆகும். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரவும். அதன்பின் 5 முதல் 7 நாள் வரை, குழந்தைகளிடமிருந்து இன்னும் சில நாள் கூடுதலாக. கதவையும் சன்னலையும் அடைத்துக் குளிர்சாதனம் போட்ட சிறிய படுக்கையறையில் பேரனும் பாட்டியும் எட்டு மணி நேரம் ஒரே காற்றைச் சுவாசிக்கிறார்கள். உங்கள் வீட்டில் நோய் பாட்டியை எட்டிய வழி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பள்ளியிலிருந்து மகன் உடல் சூட்டோடு வரும் அன்றிரவே படுக்கையை மாற்றுங்கள். அவன் உங்களோடு படுக்கட்டும்; நீங்கள் முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். குளிர்சாதனத்தை விட்டுவிட்டுச் சன்னலைத் திறந்து மின்விசிறி போடுங்கள். ஒரு வாரம் இரவில் வியர்க்கும்தான்.

சோறு உருட்டிக் கொடுப்பதை நிறுத்தச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. அது வெறும் சாப்பாடு அல்ல என்பது தெரியும். ஆனாலும் அந்த ஒரு வாரம் மட்டும் அவன் தனித் தட்டில், கரண்டியால் சாப்பிடட்டும். டம்ளரும் துண்டும் தனியாக இருக்கட்டும். கதவுப்பிடி, மின்விசிறிப் பொத்தான், தொலைக்காட்சி ரிமோட் போன்ற வழுவழுப்பான பரப்புகளில் கிருமி ஒரு நாளுக்கு மேலும் உயிர்ப்போடு இருக்கும், துடைத்துவிடுங்கள். எல்லாரும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

மாமியாருக்கே வந்துவிட்டால், சர்க்கரையைப் பற்றி நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் வீடுகளில் தவறு நேர்வது இங்கேதான். காய்ச்சல் இருக்கும்போது, சரியாகச் சாப்பிடாவிட்டாலும், இரத்தச் சர்க்கரை ஏறலாம். அதனால் வீட்டில் பார்க்கும் கருவி இருந்தால் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள். இன்சுலின் போடுபவர் என்றால், ‘சாப்பிடவே இல்லையே’ என்று தாமாக அதை நிறுத்தக் கூடாது. மாத்திரைகளில் சில அப்படி அல்ல. எம்பாக்லிஃபுளோசின், டாபாக்லிஃபுளோசின் போன்றவையும், வாந்தியோ நீரிழப்போ இருந்தால் மெட்ஃபார்மினும், தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். எது தொடர வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வாங்கிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். காய்ச்சல் வந்த இரவில் யாருக்கும் இதெல்லாம் நினைவுக்கு வராது. குழைய வடித்த கஞ்சி சர்க்கரையை வேகமாக ஏற்றும் என்றாலும் ஒன்றுமே சாப்பிடாமல் இருப்பதைவிட மேல். சிறிது சிறிதாக, ஒரு முட்டையோ பருப்போ சேர்த்துக் கொடுங்கள். ரசம் நல்லது. தேக்காவில் வாங்கிய சுக்கு, மல்லி போட்ட காப்பியும் தொண்டைக்கு இதம்தான். கருப்பட்டியை மட்டும் விட்டுவிடுங்கள். ஹண்ட்ரட் பிளஸ் பானம் வேண்டாம், அதில் சர்க்கரை இருக்கிறது.

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ, 6 மணி நேர இடைவெளியில். ஒரு நாளில் மொத்தம் 8 மாத்திரையைத் தாண்டக் கூடாது. மெலிந்த முதியவருக்கு இதைவிடக் குறைவாகவே தர வேண்டும். கடையில் வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும். பனடாலோடு அதையும் சேர்த்துக் கொடுத்தால் அறியாமலே அளவு இரட்டிப்பாகிவிடும். மூக்கடைப்பைப் போக்கும் சில மாத்திரைகள் இரத்தக் கொதிப்பைக் கூட்டும். தூக்கம் தரும் சளி மருந்துகளால் இரவில் கழிவறைக்குப் போகும்போது முதியவர்கள் விழுந்துவிடுவதுண்டு. மாமியாருக்கு எதையும் மருந்தாளரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம். மகனுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. குழந்தைகளுக்கு ஃபுளூவோடு அது சேர்ந்தால் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய் வரக்கூடும்.

நாம் வாழும் ஊரில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: டெங்கி. அதிலும் திடீர்க் காய்ச்சல், உடல் வலி. ஆனால் மூக்கு ஒழுகுவதும் இருமலும் பெரும்பாலும் இருக்காது. கண்ணுக்குப் பின்னால் வலி, தோலில் தடிப்பு, ஈறில் இரத்தம் இருக்கலாம். டெங்கி இல்லை என்று உறுதியாகும்வரை இபுபுரோஃபென் வகை வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள். மாமியார் இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவராக இருந்தால், நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கேட்டு வற்புறுத்தவும் வேண்டாம். அது பாக்டீரியாவுக்கு, வைரசுக்கு அல்ல.

2021இல் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு ஒன்றாக இலவசமாகக் கொடுத்த ஆக்சிமீட்டர், அதாவது இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவை விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி, உங்கள் வீட்டு இழுப்பறையில் எங்காவது கிடக்கும். தேடியெடுத்துப் புது பேட்டரி போடுங்கள். விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடேற்றிவிட்டுப் பாருங்கள். 95க்குக் கீழே நின்றால் அன்றே மருத்துவரிடம். 92 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆம்புலன்சுக்கு 995. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் சரியாக விழிக்காதது ஆகியவற்றுக்கும் அதே எண்தான். அப்போது ஆக்சிமீட்டர் பார்க்க நேரம் செலவிட வேண்டாம். இன்னொரு அடையாளம் பலருக்குத் தெரிவதில்லை. காய்ச்சல் விட்டு இரண்டு நாள் தெளிந்திருந்தவருக்கு மறுபடி காய்ச்சலும் கெட்டிச் சளியும் வந்தால், ஃபுளூவின் பின்னால் நிமோனியா என்ற நுரையீரல் தொற்று வந்திருக்கலாம். அப்போது நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படும்.

இனி மாமியாரின் ஊசி. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டு பேசுங்கள். ஃபுளூ ஊசி ஃபுளூவை மட்டுமே தடுக்கும். சாதாரணச் சளி, கொரோனா, ஆர்எஸ்வி என்ற மற்றொரு சுவாசக் கிருமி, எதுவும் அதன் கணக்கில் இல்லை. பலன் தொடங்கவே இரண்டு வாரம் ஆகும். கிருமியோடு ஊசி நன்றாகப் பொருந்தும் ஆண்டிலும், மருத்துவரைப் பார்க்கும் அளவுக்கு ஃபுளூ வரும் வாய்ப்பை அது 40 முதல் 60 விழுக்காடுதான் குறைக்கிறது. அப்படியானால் எதற்கு? ஊசி போட்டும் வருபவருக்கு நோய் கடுமையாகாமல் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதற்காக. கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், ஃபுளூ உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு ஏறத்தாழ 6 மடங்கு அதிகமாக நேர்ந்தது. நீரிழிவும் கொதிப்பும் உள்ளவரிடம் இதைத்தான் நான் முதலில் சொல்வேன். ஊசியால் ஃபுளூ வராது. அதில் இருப்பது செயலிழக்கச் செய்த கிருமி. ஓரிரு நாள் கைவலியும் இலேசான சூடும் இருக்கலாம்.

ஆண்டுதோறும் ஏன் என்றும் கேட்பார். கிருமி தன் மேற்புறத்தை ஓயாமல் மாற்றிக்கொள்கிறது. ஊசி தந்த பாதுகாப்பும் சில மாதங்களில் தேய்கிறது. அதனால் உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, வடகோளத்துக்கும் தென்கோளத்துக்கும் தனித்தனியாக, ஊசியில் சேர்க்க வேண்டிய வகைகளைப் பரிந்துரைக்கிறது. குளிர்காலமே இல்லாத சிங்கப்பூரில் ஃபுளூ ஆண்டு முழுவதும் இருக்கிறது. பொதுவாக ஆண்டின் நடுவிலும் ஆண்டிறுதியை ஒட்டியும் கூடுகிறது. ஆகவே சரியான மாதம் எது என்று பார்த்துக் காத்திருப்பதில் பொருளில்லை.

இங்கே 65 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கும், நீரிழிவு போன்ற நாட்பட்ட நோய் உள்ளோருக்கும், கர்ப்பிணிகளுக்கும் இந்த ஊசி தேசியப் பரிந்துரையில் இருக்கிறது. மாமியார் சிங்கப்பூர்க் குடிமகளாக இருந்து ஹெல்தியர் எஸ்ஜி என்ற தேசியச் சுகாதாரத் திட்டத்தில் பதிந்திருந்தால், பதிந்த மருந்தகத்தில் இலவசம். அன்றே, நிமோனியாவைத் தடுக்க உதவும் நிமோகோக்கல் ஊசி பற்றியும் கேளுங்கள். உங்களுக்கும் கணவருக்கும் கைப்பணம் செலவாகும். மாமியாருக்காக அதைச் செய்யுங்கள் என்பது என் வேண்டுகோள். அவரை மட்டும் அனுப்பாமல் எல்லாரும் ஒரே நாளில் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். ‘உனக்கு வேண்டும்’ என்பதைவிட ‘நாங்களும் போடுகிறோம், வாருங்கள்’ என்றால் பெரியவர்கள் இணங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வேலைக்குத் திரும்புவது பற்றி: மாத்திரை எடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை என்றால் போகலாம், மகன் பள்ளிக்குப் போவதற்கும் அதே அளவுகோல். மருத்துவ விடுப்பு இரண்டு நாளோடு முடிந்தும் காய்ச்சல் இருந்தால் மீண்டும் மருத்துவரிடம் போய் நீட்டித்துக்கொள்ளுங்கள். வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி 6 மாதம் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. இருமல் இரண்டு வாரமும் அசதி அதற்கு மேலும் நீடிக்கலாம். அதனால் மட்டும் பயப்பட வேண்டாம். ஓட்டமும் உடற்பயிற்சிக் கூடமும் அசதி நீங்கும்வரை காத்திருக்கட்டும்.

மகனுக்கு இதுவே முதல் ஃபுளூ ஊசி என்றால், 9 வயதுக்கு உட்பட்டவன் என்பதால் குறைந்தது 4 வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை. டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போவதாக இருந்தால் முதல் தவணையை அக்டோபருக்குள் போட்டுவிடுங்கள்.