இந்த வயதில் ஓட்டத்தை நிறுத்தினால் திரும்ப முடியுமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 61. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். 13 வருடமாக ஓடுகிறேன். தினமும் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அழகர்கோயில் ரோட்டில் 20 கிலோமீட்டருக்கு மேல். ஐந்து முழு மாரத்தான் முடித்திருக்கிறேன். கடைசியாக ஜனவரியில் ஓடிய பிறகு ஒரு வாரம்கூட விடவில்லை. இரண்டு மாதமாக, காலையில் எழுந்ததும் வலது குதிகாலுக்கு மேலே விறைத்துப்போய், பத்து நிமிடம் நொண்டி நொண்டித்தான் நடக்கிறேன். தூக்கமும் சரியில்லை. காலை நாடித்துடிப்பு எப்போதும் 52 இருக்கும், இப்போது 60. டாக்டர் மூன்று வாரம் ஓடக் கூடாது என்கிறார். கூட ஓடுகிறவர்கள், "இந்த வயசுல நிறுத்தினா அப்புறம் திரும்ப வரவே முடியாது" என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகர், மதுரை)

பதில்: டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். மூன்று வாரத்தை நான்காக்கினாலும் தப்பில்லை. குதிகால் வலி மட்டும் இருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். தூக்கம் கெட்டு, நாடித்துடிப்பு எட்டு ஏறி, அதுவும் நாள்கணக்கில் அப்படியே நிற்கிறது என்றால் உடம்பு முழுவதும் களைத்திருக்கிறது என்று அர்த்தம். இந்த இடைவெளியில் ஹீமோகுளோபின், தைராய்டு, சுகர், ஒரு ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்துவிடுங்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்குக் களைப்பு எப்போதும் ஓட்டத்தால் மட்டும் வருவதில்லை. ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்தை மீறிய மூச்சிரைப்பு இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு 57 வயதில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரே இடத்தில் வலி வந்தது. விரலால் அமுக்கினால் சுருக்கென்றது. பந்தயத்துக்கு ஆறு வாரம்தான் இருந்தது, இப்போது நிறுத்தினால் எல்லாம் போச்சு என்று ஓடிக்கொண்டே இருந்தேன். கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது எலும்பில் மயிரிழை விரிசல். அந்தப் பந்தயமும் போனது, அதோடு ஐந்து மாதமும் போனது. முதல் வாரத்திலேயே நின்றிருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பியிருப்பேன் என்று பிறகு ஃபிஸியோ சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

சரி, நிறுத்தினால் என்னதான் குறையும்? முதலில் குறைவது இரத்தத்தின் நீர்ப்பகுதி, பிளாஸ்மா என்கிறோமே அது. ஓட்டத்தை விட்ட சில நாளிலேயே அது இறங்க ஆரம்பிக்கும், அதனால் ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளும் இரத்தம் கொஞ்சம் குறையும். இரண்டு வாரம் விட்டுத் திரும்பும்போது முதல் நாள் "ஐயோ, இப்படி மூச்சு வாங்குதே" என்று தோன்றுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். உடம்பு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன், வாட்சில் விஓ2 மேக்ஸ் என்று வருமே, நன்றாகப் பயிற்சி செய்தவர்களுக்கு அது மூன்று வாரத்தில் ஏறக்குறைய 7 சதவீதம் குறைகிறது, மூன்று மாதம் சும்மா இருந்தால் 16 சதவீதம் வரை போகும் என்று 1980களிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். இன்னொன்றையும் அப்போதே கண்டார்கள்: பல வருடம் ஓடிய காலில் உண்டான நுண்ணிய இரத்தக் குழாய்கள் அந்த மூன்று மாதத்திலும் பெரிதாகக் குறையவில்லை. 13 வருடம் நீங்கள் கட்டியது நான்கு வாரத்தில் இடிந்து விழாது.

உங்கள் நண்பர்கள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. இந்த வயதில் சும்மா உட்கார்ந்தால் தசை சீக்கிரம் கரையும், திரும்பக் கட்டுவதும் இளைஞர்களைவிட மெதுவாகத்தான் நடக்கும். அதனால் ஓட்டத்துக்கு விடுமுறை விடுங்கள், உடம்புக்கு விடாதீர்கள். முதல் வாரம் நடை மட்டும், வலிக்காத அளவுக்கு. அடுத்த வாரத்திலிருந்து வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி: நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, இரண்டு தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது, இதுவே ஆரம்பத்துக்குப் போதும். சாப்பாட்டில் தசைக்கு வேண்டிய புரதத்துக்காக முட்டை, மீன், சுண்டல், பருப்பு, தயிர் என்று ஏதாவது ஒன்று மூன்று வேளையும் இருக்கட்டும். ராத்திரி மட்டும் மொத்தமாகச் சாப்பிட்டால் அந்த அளவுக்குப் பலன் இல்லை.

குதிகாலுக்கு மேலே இருப்பது குதிநாண், கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு சேர்க்கும் நாண். அதற்கு இரத்த ஓட்டம் குறைவு, ஆறவும் நாளாகும். வெறும் ஓய்வு கொடுத்தால் வலி அடங்கும், ஓட ஆரம்பித்ததும் மறுபடி தலைதூக்கும். அதற்கு அளவான சுமை வேண்டும். படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, இரண்டு காலாலும் எழும்பி, வலிக்கிற காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலைக் கீழே இறக்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று. முழங்கால் நேராக ஒருமுறை, லேசாக மடக்கி ஒருமுறை. காலையும் மாலையும், 12 வாரம். பக்கத்தில் கைப்பிடி இருக்கட்டும். வலி குதிகாலுக்கு மேலே இல்லாமல், எலும்போடு சேரும் இடத்திலேயே இருந்தால் படியில் வேண்டாம், சமதரையில் செய்யுங்கள். முதல் முறை ஒரு ஃபிஸியோவிடம் காட்டிவிட்டு ஆரம்பிப்பது நல்லது. செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம், மறுநாள் காலை விறைப்பு கூடியிருந்தால் அளவு அதிகம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

பெர்னார்ட் லகாட்டை நினைத்துப் பாருங்கள். கென்யாவில் பிறந்து அமெரிக்காவுக்காக ஓடியவர், 2007-ல் ஒசாகா உலகப் போட்டியில் 1500, 5000 மீட்டர் இரண்டிலும் தங்கம். வருடா வருடம் சீசன் முடிந்ததும் ஐந்து வாரம் அவர் ஓடவே மாட்டார், எடை கூடினாலும் கவலைப்பட மாட்டார். அப்படிப்பட்டவர் 2016-ல், 41 வயதில், ரியோ ஒலிம்பிக்கில் 5000 மீட்டர் இறுதிப் போட்டியில் ஓடினார். கனடாவின் எட் விட்லாக்கோ 72 வயதில் மூன்று மணி நேரத்துக்குள் மாரத்தானை முடித்தவர், 85 வயதில் 3 மணி 56 நிமிடத்தில் முடித்தார். இடையில் முழங்கால் தொல்லையால் மாதக்கணக்கில் ஓடாமல் இருந்த காலங்கள் அவருக்கும் உண்டு. இவர்களோடு நம் வேகத்தை ஒப்பிட நான் சொல்லவில்லை. நிறுத்தியவர்கள் திரும்ப வந்திருக்கிறார்கள் என்று உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள்.

இனி ஒவ்வொரு வருடமும் விடுமுறையை நீங்களே முன்கூட்டித் தேதி போட்டு வையுங்கள். நம் ஊருக்கு அக்னி நட்சத்திரம்தான் சரியான நேரம். மே முதல் வாரம் தொடங்கி மாதக் கடைசிவரை ஏறக்குறைய 25 நாள். விடியற்காலை ஐந்தரைக்கே புழுங்குகிற நாட்களில் ஓடிப் பெரிய பயன் இல்லை, வயதானால் தாக உணர்வும் மங்கிவிடுகிறது என்பதால் ஆபத்தும் கூட. ஜனவரி பந்தயத்துக்கு ஜூலையில் தொடங்கினாலே போதும்.

கேள்வி: எனக்கு 55 வயது, அரை மாரத்தான் ஓடுகிறேன். பேரன் பிறந்ததால் மகள் வீட்டில் ஐந்து வாரம் ஓடாமல் இருந்தேன். இப்போது ஒரு கிலோமீட்டருக்கே மூச்சு முட்டுகிறது. பழையபடி 10 கிலோமீட்டர் எப்போது ஓடலாம்? (வாசகி, தாம்பரம்)

பதில்: பேரனுக்கு என் ஆசிகள், அம்மா. பச்சிளங்குழந்தை இருக்கும் வீட்டில் ஐந்து வாரம் என்றால் தூக்கமும் கெட்டிருக்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு நிமிட நடை, ஒரு நிமிட ஓட்டம், இப்படி ஆறு முறை. ஒருநாள் விட்டு ஒருநாள். வாரத்துக்கு வாரம் நடையில் ஒரு நிமிடத்தைக் குறைத்து ஓட்டத்தில் சேருங்கள். ஆறேழு வாரத்தில் ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓட முடியும், பத்து கிலோமீட்டருக்கு இன்னும் ஐந்தாறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். இதில் கவனமாக இருக்க வேண்டிய கட்டம் மூன்றாவது நான்காவது வாரம். மூச்சு அதற்குள் சரியாகிவிடும், இன்னும் இரண்டு கிலோமீட்டர் போகலாமே என்று தோன்றும். தசைநாணும் எலும்பும் அந்த வேகத்தில் தயாராகியிருக்காது. திரும்ப வருகிறவர்கள் அடிபடுவது பெரும்பாலும் அப்போதுதான். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி குறையும் என்பதால் உங்களுக்கு இன்னும் நிதானம் வேண்டும். இதுவரை எடுக்கவில்லை என்றால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கலாமா, வைட்டமின் டி பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஓட்டத்துக்கு ஓய்வு கொடுத்திருக்கிறேன், வயது 66. காலையில் குழுவில் மற்றவர்கள் போடும் கிலோமீட்டரைப் பார்த்தால் மனசு கிடந்து தவிக்கிறது. (வாசகர், கோவை)

பதில்: தவிக்கத்தான் செய்யும், அது இயல்பு. வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு, அதே நேரத்துக்கு ரேஸ்கோர்ஸுக்குப் போங்கள். நடங்கள், ஓடி முடித்து வருகிறவர்களோடு காபி குடியுங்கள். பலருக்கு ஓட்டத்தைவிட அந்த அரை மணி நேரப் பேச்சு இல்லாததுதான் பெரிய குறையாகத் தெரிகிறது. ஞாயிறு லாங் ரன்னில் யாராவது தண்ணீர் கொடுக்க வேண்டுமே, இந்த மாதம் அந்தப் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.