முதுகு வலிக்கு வைத்தியம் கிடைக்க அமெரிக்காவில் சட்டமே போட வேண்டியிருந்தது ஏன்?

"முன்னாள் படைவீரருக்குக் கையால் முதுகெலும்பை அழுத்தி அசைத்துவிடும் கைரோபிராக்டிக் சிகிச்சை கொடுக்கச் சட்டம் எதற்கு, ஆஸ்பத்திரியே முடிவு செய்யலாமே?" என்பது கேள்வி. செய்யலாம்தான், ஆனால் செய்யவில்லை. கவச உடையும் மூட்டையும் சுமந்து, குலுங்கும் வண்டியில் மாதக்கணக்கில் உட்கார்ந்து வந்தவருக்கு இடுப்பு போய்விடும். டாக்டர் கொடுப்பது பெரும்பாலும் மாத்திரை, அதில் ஓபியாய்டு என்ற போதை தரும் வலி மாத்திரை பழக்கமாகிவிட்டால் அது தனித் தொல்லை. கைரோபிராக்டிக் வைத்தியத்தையோ அங்குள்ள மருத்துவ உலகம் பல காலம் சந்தேகத்தோடுதான் பார்த்தது. அதனால் முன்னாள் படைவீரர்களுக்கு ஆஸ்பத்திரிகள் நடத்தும் படைவீரர் நலத்துறையும் தானாக முன்வரவில்லை.

2002 ஜனவரியில் கையெழுத்தான சட்டம்தான் அந்தத் துறையின் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஓர் இடத்திலாவது இது இருக்க வேண்டும் என்றது. வட்டாரம் என்றால் நம் தாலுகா இல்லை, சிலது பல மாநிலங்கள் அகலம். பக்கத்து மாநிலத்துக்கு வண்டி ஓட்டிப் போய் முதுகைக் காட்டிவிட்டுத் திரும்புவதற்குள் வலி இரட்டிப்பாகிவிடாதா?

அதைச் சரிசெய்யும் மசோதா பலமுறை வந்து தூங்கியது. கடைசியில் 2018 மார்ச்சில் மத்திய அரசின் செலவு மசோதாவின் முதுகில் ஏறித்தான் தப்பியது: 2021 முடிவதற்குள் ஒவ்வொரு வட்டாரத்திலும் பாதி மருத்துவமனைகளிலாவது இது இருக்க வேண்டும்.

கைரோபிராக்டர் சங்கங்களுக்குத் தொழில் ஆதாயம் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் ராணுவப் பணியில் இருந்த 750 பேரை வைத்து நடந்து 2018இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு இதையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு இடுப்பு வலி கூடுதலாகவே குறைந்தது. சர்வரோக நிவாரணி என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.