குறும்படத்தை மௌனப்படக் காலத்துப் படம்போல் மாற்றுவது எப்படி? கீறல் ஃபில்டர் போட்டும் போலியாகத் தெரிகிறதே, ஏன்?

முதல் வேலையாக அந்தக் கீறலை எடுத்துவிடுங்கள்.

சொந்தப் புத்தியால் இதைச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்களோடு சேர்ந்து, குடையைத் தொலைத்த குமாஸ்தா ஒருவனைப் பற்றி நான்கு நிமிட மௌனப்படம் எடுத்தேன். செல்பேசிதான் கேமரா. கறுப்பு வெள்ளையாக்கி, இலவசமாகக் கிடைத்த கீறல் வீடியோவை மேலே போர்த்தி, எங்கள் தெருப் பெரியவர் ஒருவரிடம் பெருமையோடு காட்டினேன். முப்பது ஆண்டுகள் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர். பார்த்து முடித்ததும், "தம்பி, ஒரே முடி எட்டு நொடிக்கு ஒரு தடவை அதே மூலையில் வந்துவிட்டுப் போகிறதே, கவனித்தாயா?" என்றார். நான் கவனித்திருக்கவில்லை. பிறகு சொன்னார்: "மழை பெய்கிறதுபோல் கோடு விழும் பிரிண்ட் என்றால் அது ஊர் ஊராக ஓடித் தேய்ந்த பிரிண்ட். புதுப் பெட்டியைத் திறந்து ஓட்டினால் படம் கண்ணாடி மாதிரி இருக்கும்."

நாம் 'பழைய படம்' என்று நினைப்பதில் பாதி, படம் எடுத்த பிறகு அதற்கு நேர்ந்த சேதம். 1920-இல் கொட்டகையில் உட்கார்ந்தவர் பார்த்தது கூர்மையான, சுத்தமான படத்தை. அந்தக் காலத்தின் சாயல் வேகத்திலும் நிறத்திலும் இருக்கிறது. அதை எடுக்கும்போதே யோசிக்க வேண்டும்.

வேகத்தைப் பார்ப்போம். அன்று கேமராவைக் கையால் சுற்றினார்கள். ஒரு சுற்றுக்கு எட்டு பிரேம், அதாவது எட்டுத் தனிப்படம், நொடிக்கு இரண்டு சுற்று, ஆக நொடிக்குச் சுமார் 16 பிரேம். 24 என்று நிலைத்தது பேசும் படம் வந்த பிறகுதான். மெதுவாகச் சுற்றி எடுத்ததை வேகமாக ஓட்டுவதால்தான் ஆட்கள் விறுவிறுவென்று நடக்கிறார்கள். செல்பேசியில் இதைக் கொண்டுவர, நொடிக்கு 50 பிரேமில், ஷட்டர் 1/50-இல் எடுங்கள். நம் ஊர் மின்விளக்குகளின் துடிப்பும் அதில் பதியாது. எடிட்டிங்கில் 25 பிரேம் டைம்லைனில் வைத்து, வேகத்தை 150 சதவீதம் ஆக்குங்கள். மூன்றுக்கு ஒரு பிரேம் மட்டுமே மிஞ்சும். நொடிக்குப் பதினாறு பதினேழு பிரேம் எடுத்ததற்குச் சமம். பிரேம்களைக் கலந்து மென்மையாக்கும் வசதியை மறக்காமல் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் எல்லாம் நெய் தடவியதுபோல் வழுக்கும். ஆனால் அழுகைக் காட்சியை 150-இல் ஓட்டாதீர்கள், பார்ப்பவர் சிரித்துவிடுவார். அங்கே 110 போதும்.

ஃபில்டர்கள் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. சுற்றும் கை கொஞ்சம் தளர்ந்தால் ஒவ்வொரு பிரேமிலும் கூடுதல் வெளிச்சம் விழும். பிரேமின் எண்ணிக்கையும் குறையும். அதனால் திரையில் அந்த இடம் சற்று வெளுத்து, சற்று வேகமாகவும் ஓடும். இரண்டும் சேர்ந்தே நடக்கும். ஃபில்டரோ வெளிச்சத்தை மட்டும் தன் போக்கில் படபடக்க வைக்கிறது. நீங்கள் வேகத்தை 140-க்கும் 160-க்கும் இடையே மெல்ல ஏற்றி இறக்கி, ஏறும் இடத்தில் வெளிச்சத்தையும் துளி கூட்டுங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் போதும்.

அடுத்தது நிறம். அன்றைய பிலிமுக்குச் சிவப்பு தெரியாது; நீலமும் பச்சையும்தான் தெரியும். எல்லா நிறமும் பதியும் பிலிம் பரவலானது 1920-களின் பிற்பகுதியில். ஆகவே வெறுமனே நிறத்தை நீக்கினால் அது தூர்தர்ஷன் காலத்துக் கறுப்பு வெள்ளை ஆகிவிடும். எடிட்டிங்கில் ஒவ்வொரு நிறத்தின் பங்கையும் மாற்ற உதவும் சேனல் மிக்சரில் நீலத்தை 65, பச்சையை 35, சிவப்பைச் சுழியம் என்று வையுங்கள். வானம் வெளுத்துப் போகும். குங்குமம் தார்ப்பொட்டு ஆகும். எங்கள் கதாநாயகி அரக்குச் சேலையில் வந்தாள், திரையில் துக்க வீட்டுக் கறுப்பு. மஞ்சள் பூசிய முகமும் இருண்டுவிடும். நம்முடைய மாநிறத்துக்கு இது பெரிய சிக்கல்: குமாஸ்தாவின் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் மிஞ்சின. அக்காலத்தில் முகத்தில் ஏன் அப்படி வெள்ளை அப்பினார்கள் என்பது அன்றுதான் புரிந்தது. பவுடரைத் தாராளமாகப் போடுங்கள், கண்ணோரம் மை தீட்டுங்கள், உதட்டுச் சாயத்தைக் குறையுங்கள். வெளியில், நிழலான முற்றத்தில், மேலே வெள்ளை வேட்டியைக் கட்டி அதன்கீழ் எடுத்தால் இன்னும் நல்லது. அன்றைய ஸ்டுடியோக்களும் வெயிலை இப்படித் துணியால் வடிகட்டித்தான் எடுத்தன. வெளிச்சம் குறைந்தால் நீலச் சேனலில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும், அது பிலிமுக்கே உரிய சொரசொரப்பு ஆகாது.

படச் சட்டம் 4:3. கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்துங்கள். ஒரு கை கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் தோளில் தூக்கி ஓட முடியாது. இரவுக் காட்சியைப் பகலில் எடுத்து முழுப் படத்துக்கும் நீலச் சாயம் ஏற்றுங்கள், வீட்டுக்குள் நடப்பதற்கு இளமஞ்சள். அன்று பிலிமையே சாயத்தில் முக்கி எடுத்தார்கள்.

எழுத்து அட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பார்த்துப் பழகத் தமிழில் நமக்கு மாதிரி இல்லை. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' என்ற மௌனப்படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் எழுத்து எப்படி இருந்திருக்கும் என்பது தெரியும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை லை, ளை, னை, ணை எல்லாம் பொதுவாக யானைத் துதிக்கைபோன்ற வளைவோடுதான் அச்சாயின. றா, ணா, னா சுழித்து முடிந்தன. உங்கள் அட்டையில் இன்றைய 'லை' இருந்தால் பாட்டி வீட்டு அலமாரியில் பிளாஸ்டிக் டப்பா வைத்த மாதிரி. பழைய வடிவ எழுத்துரு கிடைக்காவிட்டால் கையால் எழுதுங்கள். நாங்கள் கறுப்பு சார்ட் அட்டையில் வெள்ளை போஸ்டர் கலரால் "ஐயோ! குடை காணவில்லை!" என்று எழுதி, அதையே படம்பிடித்தோம். 'லை'யின் துதிக்கை கொஞ்சம் கோணலாக வந்தது, அப்படியே விட்டுவிட்டோம். ஒருவர் நிதானமாக வாய்விட்டுப் படிக்கும் நேரம் அட்டை நிற்கட்டும்.

கிராமபோன் கரகரப்பைப் பின்னணியில் போடாதீர்கள். படத்தில்தான் ஒலியே கிடையாதே, கரகரக்க என்ன இருக்கிறது? கொட்டகையில் ஆள் உட்கார்ந்து நேரில் வாசித்தார்கள். ஒரு ஆர்மோனியமும் தபலாவும் போதும், சுத்தமாகப் பதிவு செய்யுங்கள்.