பழைய காரில் பிக்கப் திணறல்: கேள்வி பதில்

பழைய பெட்ரோல் கார்களில் வரும் திணறல், இழுவைக் குறைவு, வழியில் நின்றுபோவது பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில். பெட்ரோல் லைனைக் கழற்றும் எந்த வேலையும் என்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான். அருகில் நெருப்பு கூடாது, தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, என்ஜினைத் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, லைனில் உள்ள அழுத்தத்தை இறக்கிய பிறகே ஹோஸில் கை வையுங்கள்.

கேள்வி: கார்புரேட்டர் வண்டி. ஐடிலிங் சுத்தமாக இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் ஒரு நொடி அடைத்து, பிறகுதான் எடுக்கிறது. ரிப்பேர் கிட் போட்டும் சரியாகவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது ஆக்ஸிலேட்டர் பம்ப். த்ராட்டில் (காற்று வழியை மூடித் திறக்கும் தகடு) திடீரென்று திறந்தால் காற்று உடனே பாய்ந்துவிடும், பெட்ரோல் பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்தச் சின்ன பம்ப். என்ஜினை நிறுத்தி, ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, உள்ளே பார்த்தபடி லிங்கேஜைக் கையால் திறங்கள். லிங்கேஜ் அசைந்த கணமே நேரான, தொடர்ச்சியான பீச்சல் வர வேண்டும். தாமதமாக வந்தால் லிங்கேஜில் ஆட்டம் இருக்கிறது. சொட்டுச் சொட்டாக வந்தால் டையாஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கலாம், ஜெட் அடைத்திருக்கலாம். கிட் போட்ட பிறகும் சரியாகவில்லை என்பதால் இன்னொன்றையும் பாருங்கள்: பம்ப் வழியில் பெட்ரோல் திரும்பாமல் தடுக்கும் சின்னக் குண்டான செக் பால், கழற்றும்போது உருண்டு விழுந்து திரும்பப் போடப்படாமல் போவது அடிக்கடி நடக்கும். ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். துளை பெரிதாகிவிட்டால் அளவு போய்விடும். க்ளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும்.

பீச்சல் நன்றாக இருந்தால் கார்புரேட்டரை அப்படியே விட்டுவிட்டு, பிளக்குகளுக்குக் கரன்ட்டைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் வாருங்கள். கார்புரேட்டர் கோளாறு என்று பெயர் வாங்கும் பலவும் கரன்ட் பக்கக் கோளாறுகளே. ஸ்பார்க்கை முன்கூட்டி வரவைக்கும் வேக்யூம் அட்வான்ஸ் ஹோஸின் கார்புரேட்டர் முனையைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிளேட் நகர வேண்டும். நாக்கால் அடைத்தால் அதே இடத்தில் நிற்க வேண்டும். நிற்காமல் திரும்பினால் டையாஃப்ரம் போய்விட்டது. கிழிந்த டையாஃப்ரம் அட்வான்ஸையும் கொடுக்காது, காற்றையும் உள்ளே கசியவிடும்.

உங்களுடையது பிஸ்டன் மேலும் கீழும் ஏறி இறங்கும் எஸ்யூ வகை என்றால் அதில் ஆக்ஸிலேட்டர் பம்ப் கிடையாது. மேல்மூடியைக் கழற்றி, பிஸ்டன் சட்டென்று ஏறாமல் தடுக்கும் டேம்பரில் எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். அது வற்றினால் நீங்கள் சொல்லும் இதே திணறல் வரும்.

கேள்வி: இன்ஜெக்‌ஷன் வண்டி. சமதளத்தில் பிரச்சினை இல்லை. மேட்டிலும் ஓவர்டேக் செய்யும்போதும் இழுக்கவில்லை. பிளக்கும் ஃபில்டரும் புதிது. பம்ப்பை மாற்றச் சொல்கிறார்கள்.

பெட்ரோல் அழுத்தத்தைக் கேஜ் வைத்துப் பார்க்காமல் பம்ப் வாங்காதீர்கள். நின்ற இடத்தில் அளந்தாலும் போதாது. கோளாறு எப்போது வருகிறதோ அப்போது அளக்க வேண்டும். நீளமான ஹோஸ் உள்ள பிரஷர் கேஜை மாட்டி, வண்டிக்கு வெளியே முன்கண்ணாடியில் உங்கள் பார்வைக்குத் தெரிகிறமாதிரி ஒட்டி, மேட்டில் ஓட்டிப் பாருங்கள். கேஜைப் படிக்கப் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். பெரும்பாலான பழைய மல்டிபாயின்ட் (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர்) வண்டிகளில் 2.5 முதல் 3.5 பார் வரை இருக்கும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே இறுதி. ஐடிலிங்கில் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரின் வேக்யூம் ஹோஸைக் கழற்றினால் ஏறக்குறைய 0.5 பார் ஏற வேண்டும். அந்த ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் தெரிந்தால் ரெகுலேட்டர் டையாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

மிதிக்கும்போது அழுத்தம் இறங்கினால், அப்போதும் உடனே பம்ப்பைக் குற்றம் சொல்லாதீர்கள். என்ஜின் ஓடும்போது பம்ப் கனெக்டரிலேயே வோல்ட்டேஜ் பாருங்கள். பேட்டரியில் 13.8 இருந்தால் அங்கே 13.3க்குக் கீழே போகக் கூடாது. எர்த் பக்க இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கருகிய ரிலே காண்டாக்ட், டேங்க் மேலுள்ள உருகிய கனெக்டர், துருப்பிடித்த எர்த் போல்ட் ஆகிய மூன்றும் நல்ல பம்ப்பைக்கூட நோஞ்சானாக்கிவிடும். கரன்ட் சரி என்றால் டேங்குக்குள் இருக்கும் சல்லடையையும் நசுங்கிய லைனையும் பாருங்கள். அவையும் சரியாக இருந்தால்தான் பம்ப்.

அழுத்தம் குறையவே இல்லையா? வேக்யூம் கேஜ் மாட்டுங்கள். நல்ல என்ஜின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை ஆடாமல் காட்டும். 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வையுங்கள். முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் புகை வெளியேற வழியில்லை, கேட்டலிடிக் கன்வெர்ட்டரோ சைலன்சரோ அடைத்திருக்கிறது.

கேள்வி: இருபது நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் தானே ஸ்டார்ட் ஆகிறது.

நின்ற அந்த நேரத்தில்தான் சோதிக்க வேண்டும். வீடு வந்து பார்த்தால் எதுவும் தெரியாது. முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, வண்டியும் உடனே ஸ்டார்ட் ஆனால் வென்ட் (டேங்க்குக்குக் காற்று வரும் துளை) அடைப்பு. இல்லையென்றால் பிளக்கில் ஸ்பார்க் பாருங்கள். ஸ்பார்க் இல்லாவிட்டால் சூட்டில் செத்துப்போகும் காயில், அல்லது டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பிக்கப் சென்சார், மாட்யூல். ஸ்பார்க் இருந்து பெட்ரோல் வராவிட்டால், மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் ஆவி அடைப்புக்கு (லைனில் பெட்ரோல் ஆவியாகி வழியை மறிப்பது) வாய்ப்பு அதிகம். பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவதால் அங்கே பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும். லைனை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து விலக்குங்கள். முன்பு யாராவது கழற்றி எறிந்த வெப்பத் தடுப்புத் தகட்டைத் திரும்பப் போடுங்கள். பம்ப்புக்கும் என்ஜினுக்கும் நடுவே இருக்க வேண்டிய தடித்த இன்சுலேட்டரும் இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: இன்ஜெக்‌ஷன் வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் நீண்ட நேரம் சுற்றுகிறது.

சாவியை ஸ்டார்ட் வரை கொண்டுபோகாமல் ஆன் செய்து, பம்ப் சத்தம் நின்றதும் ஆஃப் செய்யுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்த பிறகு சட்டென்று எடுத்தால் லைனில் அழுத்தம் நிற்கவில்லை என்று பொருள். கேஜ் மாட்டி என்ஜினை நிறுத்தியதும் டேங்கிலிருந்து வரும் சப்ளை ஹோஸைக் கிளாம்ப்பால் அழுத்துங்கள். முள் நின்றால் பம்ப்பின் செக் வால்வு (பெட்ரோல் டேங்குக்குத் திரும்பாமல் தடுப்பது) கசிகிறது. ரிட்டர்ன் ஹோஸை அழுத்தும்போது நின்றால் ரெகுலேட்டர். இரண்டிலும் இறங்கினால் இன்ஜெக்டர் சொட்டுகிறது. பிளக்குகளைக் கழற்றினால் எது என்று கறுப்போ ஈரமோ காட்டிக்கொடுக்கும். நல்ல ரப்பர் ஹோஸை மட்டும் அழுத்துங்கள். நைலான் பைப்பும் வெடித்த ஹோஸும் உடைந்துவிடும்.

கேள்வி: டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசம், ஆயில் அளவும் ஏறியிருக்கிறது.

வண்டியை ஓட்டாதீர்கள். மெக்கானிக்கல் பம்ப் இருந்தால் அதன் டையாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் கிராங்க்கேஸில் (என்ஜினின் அடியில் ஆயில் இருக்கும் பகுதி) இறங்குகிறது. இன்ஜெக்‌ஷன் என்றால் சொட்டும் இன்ஜெக்டரோ கிழிந்த ரெகுலேட்டரோ. கோளாறைச் சரிசெய்து, ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிய பிறகே ஸ்டார்ட். நீர்த்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும்.

கேள்வி: புது பெட்ரோல் ஃபில்டர் சில வாரங்களிலேயே அடைத்துவிடுகிறது.

அடைத்த ஃபில்டரைத் தூக்கி எறியாமல், பெட்ரோல் முழுதும் காய்ந்த பிறகு வெட்டி, உள்ளிருப்பதை வெள்ளைத் துணியில் தட்டுங்கள். செம்பழுப்புப் பொடி, காந்தத்தில் ஒட்டினால் டேங்க் துரு. பிசுபிசுப்பான பழுப்புப் படிவு என்றால் நாட்பட்ட பெட்ரோல் பிசினாகியிருக்கிறது. இரண்டுக்கும் டேங்க்கை இறக்கித்தான் தீர வேண்டும். விரல் கறுக்கும் மெல்லிய கறுப்புத் தூள் என்றால் ஹோஸின் உள்சுவர் உதிர்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அப்படித்தான் செய்யும். மாற்றும்போது இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் போடுங்கள். கார்புரேட்டர் வண்டிக்கும் அதையே போடலாம். கூடுதல் பாதுகாப்பு என்று இன்ஜெக்‌ஷன் பம்ப்புக்கு முன்னால் நுண்ணிய ஃபில்டர் மாட்ட வேண்டாம். உறிஞ்ச முடியாமல் பம்ப் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கேள்வி: இன்ஜெக்டர் க்ளீனரை டேங்கில் ஊற்றினால் திணறல் போகுமா?

இன்ஜெக்டர் முனையில் லேசான படிவு இருந்தால் உதவும். குறைந்த அழுத்தத்தையோ காற்றுக் கசிவையோ அது தொடக்கூட முடியாது. துருப்பிடித்த டேங்கில் ஊற்றினால் அழுக்கு இன்னும் பெயர்ந்து வரும். மற்ற வண்டிகளிலும் அழுத்தத்தை அளந்து பார்த்த பிறகே ஊற்றுங்கள்.