தீபாவளிக் கறிக்குழம்பும் 2.3 கிலோவும்

கேள்வி: எனக்கு வயது 41, மதுரை அனுப்பானடியில் இருக்கிறேன். சுகருக்கு மாத்திரை போடுகிறேன். ஐந்து மாதமாக வாயைக் கட்டி 78 கிலோவிலிருந்து 71.5க்கு வந்தேன். தீபாவளியன்று காலையில் இட்லி கறிக்குழம்பு, மதியம் பிரியாணி, மறுநாள் மதினி வீட்டில் கோழி, நடுநடுவே அதிரசம், முறுக்கு என்று கணக்கில்லாமல் போய்விட்டது. மூன்றாம் நாள் மிஷினில் ஏறினால் 73.8! இனி எதற்கு டயட் என்று வெறுத்துவிட்டது. மூன்று நாள் வெறும் தேனும் எலுமிச்சைத் தண்ணீருமாக இருந்து சரிக்கட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சில மாத்திரைகளுக்குச் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும், வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், மயக்கமே வந்துவிடும். பட்டினிக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்துவதும் ஆபத்துதான். தேன் வேறு! தேனும் சர்க்கரைதான், கொஞ்சம் பெயர் நல்ல பெயர், அவ்வளவுதான்.

சரி, அந்த 2.3 கிலோவுக்கு வருவோம். ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர, செலவாவதற்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். உங்கள் 2.3 கிலோவுக்குப் போட்டுப் பாருங்கள், 17,700 வருகிறது. இட்லிக்குச் சுமாராக 60 கலோரி என்று வைத்தால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் ஏறக்குறைய 300 இட்லி சாப்பிட்டிருக்க வேண்டும், ரெண்டே நாளில்! ஆத்தாடி, உங்கள் வீட்டு இட்லிக் கொப்பரை தாங்குமா?

அப்படியானால் மிஷின் பொய் சொல்கிறதா? இல்லை. சோறு, இட்லி, இனிப்பில் இருக்கும் மாவுச்சத்தை உடம்பு தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கும்போது, ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் தண்ணீரையும் சேர்த்தே பிடித்து வைக்கிறது. ஐந்து மாதம் குறைவாகச் சாப்பிட்ட உடம்பில் அந்தச் சேமிப்பு கொஞ்சம் வற்றியிருக்கும், பண்டிகைக்கு நிரம்பிவிட்டது. முறுக்கு, ஊறுகாய், குழம்பில் இருந்த உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரை நிறுத்தி வைக்கும். மிச்சம், வயிற்றிலிருந்து இன்னும் வெளியே போகாத சாப்பாடு. கொழுப்பும் கொஞ்சம் ஏறியிருக்கலாம்தான், ஆனால் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் ஒரு வாரத்துக்குள் பெரும்பகுதி தானாக இறங்கிவிடும்.

நானும் இந்த ஊர்க்காரிதான். தீபாவளியன்று விடிவதற்கு முன்பே கறிக்கடையில் வரிசை நிற்கிற ஊரில், அன்றைக்குக் கறிக்குழம்பு வேண்டாம் என்று நான் சொன்னால் என் வீட்டிலேயே யாரும் கேட்க மாட்டார்கள். அந்த ஒரு நாளை விடுங்கள். எனக்குக் கவலையெல்லாம் அடுக்களையில் இருக்கும் பலகாரத் தூக்கு மேல்தான். பத்து நாள், போகும்போது ஒரு முறுக்கு, வரும்போது ஒரு அதிரசம், 'எப்படியும் டயட் கெட்டுப்போச்சு' என்று ஒரு கை மிக்சர். இறங்கின எடை திரும்ப ஏறுவது இந்தப் பத்து நாளில்தான். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துத் தீர்க்கலாம் என்றால் அவர்கள் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவார்களா என்ன, உங்கள் முறுக்கு போய் அவர்கள் சீயம் வந்து நிற்கும்! அதனால் வேலை பார்க்கிற இடத்துக்குக் கட்டிக் கொடுத்துவிடுங்கள். அதிரசம் சீக்கிரம் கெடாது, அவசரமே இல்லை, பிள்ளைகளுக்கு வேண்டியதை மட்டும் பரணில் ஏற்றுங்கள். உங்களுக்கு ஆசையாக இருந்தால் தட்டில் ஒன்றே ஒன்று வைத்து உட்கார்ந்து சாப்பிடுங்கள், டப்பாவுக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.

ஃபிரிட்ஜில் கறிக்குழம்பு மிச்சம் இருக்கிறதா? கொட்ட வேண்டாம். குளிர்ந்ததும் மேலே கட்டியாகக் கொழுப்பு நிற்கும், அதைக் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு நன்றாகக் கொதிக்க வையுங்கள். ரெண்டு இட்லி, நாலு துண்டு கறி, தட்டு நிறையக் கீரையோ புடலங்காய்ப் பொரியலோ, அது போதும். மற்ற வேளைக்கு தீபாவளிக்கு முந்தின வாரம் என்ன சாப்பிட்டீர்களோ அதேதான், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

நடையும் அப்படித்தான். தெப்பக்குளம் உங்களுக்குப் பக்கம், ஒரு சுற்று ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர். உங்கள் எடைக்கு ஒரு சுற்றுக்குக் கரைவது சுமாராக ஒரு இட்லி. சாப்பிட்டதையெல்லாம் நடந்தே கரைக்கிறேன் என்று கிளம்பினால் முழங்கால்தான் போகும். மழை இல்லாத நாளில் வழக்கமாகப் போகிற மூன்று சுற்று போங்கள், முடித்ததும் பஜ்ஜிக் கடைப் பக்கம் திரும்பாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள். சர்க்கரை அளவை மட்டும் இந்த வாரம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், கூடுதலாக இருந்தால் உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அதிரசம் உட்பட.

அதுவரை மிஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வையுங்கள். அடுத்த ஞாயிறு காலை, காபிக்கு முன்னால் ஏறிப் பார்த்து என்ன காட்டுகிறது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பெரிய கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிப்பீர்கள் அல்லவா, அதற்குள் பேசி வைத்துக்கொள்வோம்.