ஆமா போட ஒரு ஆள்

அன்புள்ள ஐயா,

குழித்துறைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். முனைவர் பட்டத்துக்கு, வாய்மொழியும் எழுத்தும் சிந்தனையை மாற்றும் விதத்தை ஆராய்ந்த வால்டர் ஓங்கை எடுத்திருக்கிறேன். என் சந்தேகங்கள்:
1. அவருடைய எந்த நூலிலிருந்து தொடங்கலாம்?
2. அவர் ஊடகச் சிந்தனையாளர் மார்ஷல் மெக்லூகனின் நிழல்தானா?
3. செல்போன் நம் சிந்தனையைக் கெடுத்துவிட்டதா?
4. எழுத்தறியாத வாய்மொழிச் சமூகம் என்று அவர் சொல்வதை நம் வில்லுப்பாட்டுக்குப் பொருத்தலாமா?
சுருக்கமான பதில் போதும்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கடைசி வரியைப் பார்த்ததும் பதிலே போடவேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு மாதமாக இதே நினைப்பில் கிடக்கிறேன், நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

ஓங்கைப் பற்றி எண் போட்டுக் கேள்வி கேட்கிறீர்களே, சிரிப்பாக வரவில்லையா? அந்த ஏசு சபைப் பாதிரியார் தன் நல்ல வயதையெல்லாம் செலவிட்டது எதற்கு? பீட்டர் ராமுஸ் என்ற பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வாத்தியாருக்காக. எந்தப் பாடத்தையும் இரண்டிரண்டாகக் கிளை பிரித்துப் பக்கத்தில் அட்டவணையாக விரித்தவர் ராமுஸ். ஐரோப்பிய நூலகங்களில் அலைந்து அவர் நூல்களின் பதிப்புகளைத் தேடிய ஓங், 1958இல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பிலேயே 'உரையாடலின் சிதைவு' என்று வைத்தார். எதிரே ஆள் இருந்து மறுத்துப் பேசி வளர்ந்த அறிவு, அச்சுப் பக்கத்தில் கட்டம் கட்டமாக உறைந்துபோனது என்பது அவர் கட்சி. உங்கள் கடிதம் அந்தக் கட்டம்தான்.

மெக்லூகன் செயின்ட் லூயிஸில் அவருக்கு ஆசிரியர். அதனால் நிழல் என்றால் ஊரில் எல்லாரும் யாருக்காவது நிழல்தான். செல்போனை விடுங்கள். ஓங் 2003இல் இறந்துவிட்டார், அவரை ஏன் அதில் இழுக்கிறீர்கள்.

நாலாவதற்கு வருகிறேன். எழுத்தையே அறியாத சமூகத்தைத்தான் அவர் முதல்நிலை வாய்மொழி என்றார். சுசீந்திரம் கோயில் கல்லெல்லாம் எழுத்தாக இருக்கும் ஊரில் உட்கார்ந்து இதைக் கேட்கலாமா? வில்லுப்பாட்டுக்கு ஏடு உண்டு, தம்பி. ஆனால் ஏட்டை ஒருமுறையாவது கையில் எடுத்திருக்கிறீர்களா? சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. புள்ளி பெரும்பாலும் கிடையாது. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வித்தியாசம் கிடையாது. 'கொல' என்று கீறியிருந்தால் அது கொல, கோல, கொல், கோல் எதுவாகவும் இருக்கலாம். வாய்விட்டு இழுத்துப் பாடினால்தான் எது என்று பிடிபடும். கண்ணால் மட்டும் படிக்க முடியாத எழுத்து அது. அச்சுக்கு முந்தைய சுவடிக் காலம் காதோடு ஒட்டியே கிடந்தது என்று ஓங்கும் சொல்கிறார். அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

எங்கள் பாட்டா வில்லுக்காரர் இல்லை. ஆனால் ஏடு வாசிப்பார். ஓலை பூச்சி அரிக்கத் தொடங்கியபோது, நோட்டில் பெயர்த்து எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஏழாம் வகுப்பு கோடை விடுமுறை. திண்ணையில் அவர் ராகம் போட்டு ஒரு வரி பாடுவார், நான் குனிந்து எழுதுவேன். நாலு வரி போனதும் நிறுத்திவிட்டார்.

"ஆமா சொல்லுலே."

"எழுதுகேன்லா பாட்டா."

"நீ ஆமா சொல்லாட்டா நான் ஆருகிட்ட பாடுகது?"

வில்லில் வலத்தே இருந்து பாட்டை நடத்தும் அண்ணாவி ஒரு வரி சொன்னால் இடத்தே இருப்பவர் 'ஆமா' போடுவாரே, அது வெறும் ஒத்து என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். திண்ணையில்தான் தெரிந்தது, அது இல்லாமல் அடுத்த வரி அவர் வாயில் ஏறவே இல்லை. ஓலை மடியில்தான் இருந்தது, எழுத்தும் கண்முன்னால்தான் இருந்தது. ஆனாலும் முடியவில்லை. பிறகு நான் ஆமா சொல்லிச் சொல்லி எழுதினேன். சொன்னதையெல்லாம் எழுத வேண்டும்போல என்று அந்த ஆமாக்களையும் வரிக்கு வரி எழுதி வைத்தேன். சாயங்காலம் நோட்டை வாங்கிப் பார்த்து, "மூதி" என்றார். ஆனால் ஒன்றையும் அடிக்கவில்லை.

நோட்டு என்னிடம் இருக்கிறது. பங்குனிக் கோயில் கொடைக்கு வாருங்கள், காட்டுகிறேன். இந்த வருஷம் இடத்தே பாட ஆள் கிடைக்காமல் திங்கள்சந்தைப் பக்கம் சொல்லிவிட்டிருக்கிறார்கள்.

ஆங், முதல் கேள்வி. 1982இல் வந்த 'வாய்மொழியும் எழுத்தறிவும்' (Orality and Literacy) என்ற சின்னப் புத்தகத்தை எல்லாரும் சொல்வார்கள். நீங்கள் ராமுஸ் புத்தகத்தையே எடுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும்.