பைக்கற்றின் முதுகுப் பக்கம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சோயாமீற் பைக்கற்றில் 621 என்று போட்டிருக்கிறது. அதுதான் அஜினமோட்டோ, பிள்ளைகளுக்கு நஞ்சு என்கிறா பக்கத்து வீட்டு அக்கா. உண்மையா?
— இல்லத்தரசி, புதுக்குடியிருப்பு

பதில்: நஞ்சு இல்லை, தங்கச்சி. பைக்கற்றில் வருகிற இப்படியான இலக்கங்கள் உணவில் சேர்க்கிற பொருட்களின் அடையாள இலக்கங்கள், 621 சுவைக்குச் சேர்க்கிறது. 1908 இல் இக்கேடா என்ற யப்பானியப் பேராசிரியர் கடற்பாசிச் சாற்றில் கண்டுபிடித்த சுவை அது. அந்தச் சுவையைத் தருகிற குளூட்டமேற் என்ற பொருள் தக்காளிப் பழத்திலும் இருக்கு. கூடச் சாப்பிட்டால் தலையிடிக்குது என்று சிலர் சொல்லுவினம், அவையள் விட்டுவிடலாம். அக்கா பயப்பட வேண்டியது உப்புக்கு. உள்ளே வருகிற சுவைத்தூளில் பெரும்பாலும் உப்புத்தான் முதல் ஆள். பாதித் தூளைப் போட்டு, தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சுங்கோ. மேலதிகமாக உப்புப் போடாதேங்கோ.

கேள்வி: வட்சப்பில் வந்த பட்டியலில் 330 தான் எல்லாவற்றிலும் பொல்லாதது, புற்றுநோய் வரும் என்று இருக்கிறது.
— மாணவன், மல்லாவி

பதில்: 330 என்பது சித்திரிக்கமிலம், தேசிக்காயின் புளிப்பு. அந்தப் பட்டியல் 1976 இல் பிரான்சில் ஒரு வைத்தியசாலையின் பேரைப் போட்டுக் கிளம்பின துண்டுப்பிரசுரம். அந்த வைத்தியசாலையே எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று மறுத்தது. அழித்துவிடும் தம்பி.

கேள்வி: மகள் முன்பள்ளிக்குப் போகிறாள். கோலாவுக்குப் பதிலாகச் சத்தாக இருக்கட்டும் என்று தினமும் மாம்பழ யூஸ் பைக்கற் கொடுத்து விடுகிறேன். படம் அனுப்பியிருக்கிறேன். நல்லதா?
— ஒரு தாய், விசுவமடு

பதில்: உங்களோடு எனக்குக் கோபம் இல்லை, பிள்ளை. முன்பக்கத்தில் சாறு வடிய வடிய வெட்டின மாம்பழம். ஆர்தான் நம்பமாட்டினம்? நீங்கள் அனுப்பின படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால், ஒட்டின மடிப்புக்குப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து: தண்ணீர், சீனி, மாம்பழக்கூழ் 10%, 330, 466, 211, 102, 110.

சேர்மானப் பட்டியலில், நிறையில் எது கூடவோ அது முன்னுக்கு வரும். இது ஒன்றைத் தெரிந்தால் பாதி வேலை முடிஞ்சுது. இங்கே தண்ணீருக்கு அடுத்தது சீனி, மாம்பழம் அதற்கும் பின்னால். அந்தத் தண்ணிச் சாற்றை வாயில் தடிப்பாகக் காட்டத்தான் 466. பழுதாகாமல் இருக்க 211, சோடியம் பென்சோயேற். பத்து வீதப் பழத்துக்கு மஞ்சள் காணாது, அதனால் 102, 110 என்று இரண்டு நிறம். 2007 இல் இங்கிலாந்தில் ஆறு செயற்கை நிறங்களையும் இந்த 211 ஐயும் பிள்ளைகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். சில பிள்ளைகளின் துடியாட்டம் கொஞ்சம் கூடியது. எல்லாரிடமும் ஒரே மாதிரி இல்லை, ஆகவே அலற வேண்டாம். ஆனால் 2010 முதல் ஐரோப்பாவில் அந்த ஆறில் ஒன்று சேர்ந்தாலும் பைக்கற்றில் எச்சரிக்கை போட வேண்டும். உங்கட பைக்கற்றில் இரண்டு இருக்கு. எச்சரிக்கை ஒரு வரியும் இல்லை.

இலக்கங்களை விடுங்கோ, எனக்குப் பற்றி எரிவது சீனியில். 2016 இல் இருந்து எங்கட நாட்டில் இனிப்புப் பானங்களுக்கு நிற வட்டம் போட வேணும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. இதில் 13 கிராம். 200 மில்லிலீற்றர் பைக்கற்றில் 26 கிராம், ஆறு தேக்கரண்டிக்கு மேலே. வளர்ந்த ஆளே நாளுக்கு 25 கிராம் அளவோடு நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கட மகளுக்கு என்ன வயது? அந்தச் சிவப்பு வட்டத்துக்கு மேலே கடைக்காரர் விலை ஸ்ரிக்கரை ஒட்டி வைத்திருக்கிறார், பாருங்கோ! ஒட்டுகிறதுக்கு வேறு இடமா இல்லை? நான் போகிற கடைகளிலும் திகதிக்கு மேலே, இல்லாவிட்டால் சேர்மானத்துக்கு மேலே. வெறும் இடம் கிடக்கக் கிடக்க அங்கேதான் ஒட்டுவினம்.

வைகாசி, ஆனியில் விசுவமடுவில் மாம்பழம் விழுந்து கிடந்து ஈ மொய்க்கும். ஒரு கறுத்தக்கொழும்பானை வெட்டிப் பெட்டிக்குள் வைத்து விடுங்கோ. மற்ற மாதங்களில் வாழைப்பழம், கொதித்தாறின தண்ணீர்.

கேள்வி: வற்றாப்பளைப் பொங்கல் முடியும் மட்டும் நாங்கள் சைவம். ஜெலி, டொபி சாப்பிடலாமா?
— முள்ளியவளை

பதில்: ஜெலற்றின் என்றிருந்தால் மாடு, பன்றியின் தோல், எலும்பில் எடுத்தது. 120 பூச்சியில் எடுக்கிற சிவப்பு நிறம். 471 தாவர எண்ணெயிலும் வரும், மிருகக் கொழுப்பிலும் வரும். பைக்கற் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கோ. 322 பெரும்பாலும் சோயாவில் எடுக்கிறது.

கேள்வி: மகனுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்மா). சில கோடியல் குடித்தால் இழுக்கிறது.
— கனகராயன்குளம்

பதில்: 220 முதல் 228 வரை உள்ள இலக்கம் இருக்கோ பாருங்கோ. அவை சல்பைற்றுகள், முட்டுள்ள சிலருக்கு ஒத்துவராது. போத்தலையும் கொண்டு கிளினிக்குக்குப் போங்கோ.

கேள்வி: அப்பாவுக்கு நீரிழிவு. சீனி சேர்க்காத பிஸ்கற், 951 போட்ட சோடா வாங்கலாமா?
— பரந்தன்

பதில்: 951 அஸ்பார்ட்டேம். 2023 இல் ஒரு குழு "புற்றுநோய் தரக்கூடியதாக இருக்கலாம்" என்ற வரிசையில் அதைப் போட்டது. அதே மாதம் இன்னொரு நிபுணர் குழு, உடல் நிறையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய எல்லையை மாற்றாமல் விட்டது. எப்போதாவது ஒரு சோடாவுக்கு அப்பா பயப்படத் தேவையில்லை. பினைல்கீற்றோனூரியா என்ற பிறவிநோய் உள்ளவர்கள் தொடக்கூடாது.

பிஸ்கற் கதை வேறு. வவுனியாவில் இரட்டிப்பு விலை கொடுத்து நானும் ஒன்று வாங்கினேன். முதலாவது கோதுமைமா, அடுத்தது மோல்ரோடெக்ஸ்ரின், மாப்பொருளில் செய்கிற ஒரு தூள். சட்டப்படி சீனி இல்லை, வயிற்றுக்குள் போனால் சீனிதான். நாய்க்குப் போட்டேன். அது விருப்பமாகத் தின்றது.

கேள்வி: சந்தையில் நூடில்ஸ் ஒரு பெட்டி அரைவிலைக்கு வாங்கினேன். வீட்டில் பார்த்தால் திகதி முடிந்து நாலு மாதம். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?
— கிளிநொச்சி

பதில்: கொடுக்காதேங்கோ. அரைவிலை ஏன் என்று கேட்க வாய் வரவில்லையா? இதே கேள்வி மாதாமாதம் வருகுது.

கேள்வி: எனக்குக் கண் பார்வை குறைவு. பேரனுக்கு வாங்கின பால்மாவில் திகதிக்கு மேலே ஸ்ரிக்கர். மருமகள் உரித்துப் பார்த்தால் திகதி முடிந்துவிட்டது. போட்டிருந்த விலையை விடவும் கூட எடுத்திருக்கிறான். கடைக்காரன் மாற்றித் தர மாட்டானாம்.
— வயோதிபர், ஒட்டுசுட்டான்

பதில்: ஐயா, இதில் உங்களில் ஒரு பிழையும் இல்லை. திகதி முடிந்ததை விற்பதும் குற்றம், போட்ட விலைக்கு மேலே எடுப்பதும் குற்றம். இனி அவனோடு வாய்கொடுக்க வேண்டாம். 1980 ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்குள் போய் மாதிரி எடுக்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் உங்கட பகுதிக்கு ஆர் என்று சொல்லுவினம். விலைக்கு 1977 என்ற இலக்கத்துக்கு அடியுங்கோ, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை எடுக்கும். வாங்கின துண்டு (பில்) இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் போங்கோ. மருமகளிட்டைச் சொல்லி, உரித்த ஸ்ரிக்கரையும் பைக்கற்றோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கோ. குப்பைக்குள் போட்டுவிட வேண்டாம்.